இயல் 5: கழற்றி மாட்டும் ஊருக்கான அலுவலகக் காலணி

5.1 பயன்பாட்டை அறிதல்

அலுவலகக் காலணியைத் தேர்ந்தெடுப்பதற்குச் சொல்லப்படும் பொது விதிகளில் பெரும்பாலானவை, காலையில் லேஸ் கட்டி மாலையில் அவிழ்ப்பவரை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை. காஞ்சிபுரம் மாநகராட்சியின் தென்பகுதியில் பாலாற்றையொட்டி அமைந்துள்ள ஓரிக்கை போன்ற இடத்தில் அவ்விதிகள் பாதியளவே பொருந்தும். குழித்தறியில் அமர்ந்து நெய்பவர் வெறுங்காலால் மிதித்தே தறியை இயக்குவதால், வேலை நேரத்தில் அவருக்குக் காலணி தேவைப்படுவதில்லை. ஆனால் அதே தெருவிலிருந்து கூட்டுறவுச் சங்க அலுவலகத்துக்கும், வங்கிக்கும், பள்ளிக்கும், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளின் நிர்வாகப் பிரிவுகளுக்கும் செல்பவர்களுக்கு மூடிய காலணி அன்றாட உடையின் பகுதியாகிவிட்டது. இவர்கள் வீட்டு வாசலில், போகும் வழியிலுள்ள கோயிலில், தறி இருக்கும் வீட்டுக்குள் நுழைகையில், பாய் விரித்துப் புடவை காட்டும் பட்டுக் கடையில் எனப் பல இடங்களில் காலணியைக் கழற்றி மீண்டும் மாட்ட வேண்டியிருக்கிறது.

கழற்றும்போது ஒரு காலின் நுனியால் மற்றக் காலின் குதிப்பகுதியை மிதித்து இழுப்பதும், மாட்டும்போது பின்விளிம்பை நசுக்கிக்கொண்டு காலை உள்ளே திணிப்பதும் பலரிடம் காணப்படும் வழக்கங்களாகும். அதனால் நடையில் தேய்வதற்கு முன்பே காலணியின் பின்பகுதி நிலைகுலைந்துவிடுகிறது. எனவே இங்கு உழைக்கும் காலணி என்பது நடையைத் தாங்குவதோடு கழற்றி மாட்டுவதையும் தாங்கும் காலணியாகும். பளபளப்பு, முத்திரைப் பெயர், தள்ளுபடி ஆகியவற்றை இந்தத் தகுதிக்குப் பின்னரே கருத வேண்டும்.

5.2 உறுப்புகளும் கெடும் இடங்களும்

காலை மூடியிருக்கும் மேற்பகுதியை வணிகர்கள் அப்பர் என்பர். அதன் உட்புறத்தில் ஒட்டப்படும் துணி அல்லது மென்தோல் லைனிங் எனப்படுகிறது. பாதம் படியும் உள்ளடி இன்சோல் என்றும், தரையில் படும் அடித்தளம் சோல் என்றும், அதன் பின்பக்க உயர்பகுதி ஹீல் என்றும் வழங்கப்படுகின்றன. வெளியே தெரியாத இரண்டு உறுப்புகளும் உள்ளன. குதிகாலைச் சுற்றி அப்பருக்கும் லைனிங்குக்கும் இடையில் வைக்கப்படும் விறைப்பான தகடு கவுன்ட்டர் எனப்படும். பாதத்தின் நடுவளைவுக்குக் கீழே, காலணி தொய்ந்து போகாதவாறு தாங்கும் எஃகு அல்லது நெகிழிப் பட்டை ஷாங்க் எனப்படும்.

அலுவலகக் காலணி பெரும்பாலும் மூன்று இடங்களில் கெடுகிறது: கவுன்ட்டர் உடைந்து பின்பகுதி சரிவது முதலாவது, விரல்களுக்குப் பின்னே நடையின்போது மடங்கும் கோட்டில் அப்பர் வெடிப்பது இரண்டாவது, அப்பரும் சோலும் சேரும் விளிம்பு வாய்பிளப்பது மூன்றாவது. கடையில் இம்மூன்று இடங்களையும் கையால் சோதித்துவிட முடியும். குதிப்பகுதியை இரு விரல்களுக்கு இடையே வைத்து அழுத்தினால் கவுன்ட்டர் எளிதில் குழியாமலும், விட்டவுடன் பழைய வடிவுக்கு மீள்வதாகவும் இருக்க வேண்டும். அட்டையால் ஆன கவுன்ட்டர் அழுத்திய இடத்தில் மடிந்து நிற்கும். முன்பகுதியையும் குதியையும் பிடித்து வளைத்தால் காலணி விரல்களுக்குப் பின்னே மட்டும் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் ஷாங்க் வலுவற்றது அல்லது இல்லை என்று கொள்ளலாம். அவ்வாறு வளைத்த நிலையிலேயே விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் இணைப்பில் இடைவெளி உள்ளதா என்பதும் தெரிந்துவிடும்.

5.3 மேற்பகுதியின் தோல்

ஓரிக்கையை ஒட்டி ஓடும் பாலாற்றின் மேல்நிலப் பள்ளத்தாக்கிலேயே வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய தோல் தொழில் நகரங்கள் அமைந்துள்ளன. தோல் பதனிடுதல் என்பது அழுகும் இயல்புடைய பச்சைத் தோலை நிலையான பொருளாக மாற்றும் செய்முறையாகும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருள்களால் பதனிடும் பழைய முறை தமிழ்நாட்டில் ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் புகழ்பெற்றது. காஞ்சிபுரம் பட்டைப் போலவே அதுவும் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. இக்கால அலுவலகக் காலணிகளின் அப்பர் பெரும்பாலும் குரோமிய உப்புகளால் பதனிடப்பட்ட தோலால் ஆனது. இம்முறையில் தோல் மெல்லியதாகவும் வளையத்தக்கதாகவும் அமைவதோடு பதனிடும் காலமும் குறைகிறது. தோல் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றுக்கு இழைத்த கேட்டை ஆராய்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுத் தீர்ப்பளித்தது. ஒரு ஜோடியை இரண்டு ஜோடியின் காலத்துக்கு உழைக்க வைப்பவர் தம் பணத்தை மட்டுமன்றி ஆற்றின் சுமையையும் ஓரளவு குறைக்கிறார்.

எல்லாத் தோலும் ஒரே தரத்தினதன்று. விலங்கின் மயிர் முளைத்திருந்த மேற்பரப்பு, நார்கள் நெருங்கிப் பின்னியிருப்பதால் மிகுந்த உறுதியுடையது. அப்பரப்பைத் தேய்க்காமல் பயன்படுத்துவது ஃபுல் கிரெய்ன் தோல் எனப்படும். தழும்புகளை மறைக்க மேற்பரப்பைத் தேய்த்து, நிறமியும் நெகிழிப் பூச்சும் இட்டு ஒரே சீராக்கியது கரெக்டட் கிரெய்ன் தோல். நடுத்தர விலையில் கிடைக்கும் பளபளப்பான கறுப்புக் காலணிகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. தடித்த தோலைக் கிடையாகப் பிளந்து எடுத்த கீழடுக்கு ஸ்ப்ளிட் எனப்படுகிறது. அதன்மேல் கனமான பூச்சிட்டு மேற்தோல்போல் தோன்றச் செய்வதும் உண்டு. ஸ்ப்ளிட்டும் உண்மைத் தோலே என்பதால், ஜென்யூன் லெதர் என்ற அச்சு மட்டும் தரத்துக்குச் சான்றாகாது.

தோலை அறிய எளிய வழி, அப்பரைக் கட்டைவிரலால் உள்ளிருந்து மேல்நோக்கி அழுத்திப் பார்ப்பதாகும்: நுண்ணிய சுருக்கங்கள் கதிர்போல் விரிந்தால் மேலடுக்குத் தோல் என்றும், பரப்பு மொத்தமாக ஒரே தகடுபோல் எழும்பினால் கனத்த பூச்சு என்றும் பெரும்பாலும் கருதலாம். லேஸ் பகுதியின் நாக்கு விளிம்பு போன்ற வெட்டிய ஓரங்களில் தோலின் நார்கள் தெரியும். ரெக்சினில் துணியின் பின்னலும் அதன்மேல் படலமும் தெரியும். விலங்குத் தோலைத் தவிர்க்கும் வழக்கமுடையவர்கள், துணிமேல் பிவிசி பூசிய மலிவான ரெக்சினைவிட மைக்ரோஃபைபர் என்னும் நுண்ணிழைச் செயற்கைத் தோலை நாடுவது நல்லது. முன்னது மடிப்புக்கோட்டில் விரைவில் உரிந்துவிடும், பின்னது நெடுநாள் தாங்கும்.

ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்டு உள்ளூர்ச் சந்தைக்கு வந்த காலணிகளில் சிறு படக்குறிகள் அச்சிடப்பட்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் விதித்த இக்குறிகளில், விரித்த தோலின் வடிவம் தோலையும், அவ்வடிவுக்குள் சாய்சதுரம் இருப்பது பூச்சிட்ட தோலையும், வலைப்பின்னல் துணியையும், தனிச் சாய்சதுரம் பிற பொருள்களையும் குறிக்கும். அப்பர், லைனிங், சோல் ஆகியவற்றுக்குத் தனித்தனியே குறிகள் இருப்பதால், விற்பவரின் சொல்லைவிட இவை தெளிவான சான்றாகும்.

5.4 அடித்தளத்தின் பொருள்

சோலின் பொருளே காலணியின் எடையையும் வழுக்காத தன்மையையும் ஆயுளையும் பெரிதும் தீர்மானிக்கிறது. பிவிசி சோல் மலிவானது. ஆனால் கனமானது, ஈரக் கருங்கல்லிலும் டைல்ஸ் தரையிலும் வழுக்கக்கூடியது. டிபிஆர் எனப்படும் வெப்பத்தில் இளகும் ரப்பர் நல்ல பிடிப்பையும் நடுத்தர உழைப்பையும் தருகிறது. ஈவிஏ என்னும் நுரைநெகிழி மிக இலேசானது எனினும், நாளடைவில் உடல் எடையால் நசுங்கி மெத்தென்ற தன்மையை இழக்கும். வல்கனைஸ் செய்யப்பட்ட ரப்பர் சற்றுக் கனமானாலும் தேய்மானத்தை நன்கு தாங்கும். காலணி தைப்பவர் அதன்மேல் புதிய அடி ஒட்டுவதும் எளிது. தோல் சோல் உலர்ந்த தரைக்கு ஏற்றதாயினும், ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரை உறிஞ்சி ஊறிவிடுமாதலால் நாள்தோறும் அணிவதற்கு இங்குப் பொருந்தாது.

பியூ எனப்படும் பாலியூரித்தேன் சோலைத் தனியே கருத வேண்டும். இலேசாகவும் காலுக்கு இதமாகவும் இருப்பதால் அலுவலகக் காலணிகளில் இது பரவலாகியுள்ளது. ஆனால் இதன் பரவலான வகை, காற்றிலுள்ள ஈரத்தால் மெல்லச் சிதையும் இயல்புடையது; நீராற்பகுத்தல் என்று வேதியியலார் கூறும் இவ்வினையால், அணியாமல் பெட்டியில் வைத்திருந்த காலணியின் சோல்கூடச் சில ஆண்டுகளில் வெடித்துப் பொடியாக உதிரும். திருமணத்துக்கு வாங்கிப் பரணில் வைத்த ஷூ மறுமுறை அணிந்த அன்றே அடி கழன்று விழுவதற்கு இதுவே பல நேரங்களில் காரணமாகும். ஆகவே பியூ சோல் உள்ளதை வாங்குபவர், பெட்டியில் அச்சிடப்பட்ட தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பார்த்து அண்மைக் காலத்ததையே வாங்க வேண்டும். தேங்கிய சரக்கின் தள்ளுபடி இவ்வகையில் இழப்பாகவே முடியும். பியூ காலணியைச் சேமித்து வைப்பதைவிட அணிந்து தீர்ப்பதே சிக்கனம்.

5.5 மேலும் கீழும் இணையும் முறை

அப்பரையும் சோலையும் இணைக்கும் முக்கிய முறைகள் நான்கு. பசையால் ஒட்டுவது மலிவானதும் பரவலானதும் ஆகும். உருகிய சோல் பொருளை அச்சில் அப்பரின் அடியிலேயே நேரடியாகச் செலுத்தி வார்ப்பது இரண்டாவது. இது நன்கு பிடித்திருக்கும் எனினும், சோல் தேய்ந்தபின் மாற்றுவது கடினம். இன்சோலையும் சோலையும் ஊடுருவித் தைப்பது மூன்றாவது. அமெரிக்கரான லைமன் பிளேக் 1858இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தால் இது பிளேக் தையல் எனப்படுகிறது. அப்பரைச் சுற்றி வெல்ட் என்னும் தோல் பட்டையைத் தைத்து, அப்பட்டையோடு சோலைத் தனியே தைப்பது நான்காவது. குட்இயர் வெல்ட் எனப்படும் இம்முறையில் சோலை மட்டும் பிரித்து மாற்ற முடியும்.

காஞ்சிபுரம் பட்டில் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் கோர்வையாகப் பின்னப்படுவதால் புடவை நைந்தாலும் கரை தனியே பிரியாதிருப்பதைப் போல, தையலால் இணைந்த சோல் பசை தளர்ந்தாலும் கழன்றுவிடாது. ஆனால் வெல்ட் காலணியின் விலை மிகுதியாதலால், குறைந்த செலவில் வாங்க நினைப்பவருக்கு ஒட்டிய பின் விளிம்பைச் சுற்றிப் பக்கவாட்டில் தைத்த ரப்பர் சோல் பொருத்தமான நடுவழியாகும். அத்தையல் உண்மையானதா என்பதைப் பார்த்தறிய வேண்டும்: பல காலணிகளின் விளிம்பில் தையல்போல் தோன்றுவது, அச்சிலேயே வார்க்கப்பட்ட மேடுபள்ளமாகவோ சோலை மட்டும் தைத்த அலங்காரமாகவோ இருப்பதுண்டு. இன்சோலின் மேலுறையைச் சற்றுத் தூக்கியோ சோலின் அடியிலுள்ள பள்ளத்தைப் பார்த்தோ நூல் ஊடுருவியிருக்கிறதா என அறியலாம்.

தையலற்ற காலணியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அப்பரும் கவுன்ட்டரும் தரமாக இருப்பின், விளிம்பு பிளக்கத் தொடங்கிய உடனேயே காலணி தைப்பவரிடம் கொடுத்து ஒட்டித் தைத்துக்கொண்டால், குறைந்த செலவில் அதன் ஆயுள் கணிசமாக நீளும். தெருமுனையில் அமர்ந்திருப்பவரால் பழுதுபார்க்கத்தக்க காலணியே சிக்கனமான காலணி.

5.6 நீளமும் அகலமும்

இந்தியக் கடைகளில் வழங்கும் அளவு எண்கள் பிரித்தானிய முறையைத் தழுவியவை; அதில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஓர் அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மி.மீ. வேறுபாடு உண்டு. ஐரோப்பிய எண்களில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 6.7 மி.மீ. இவ்விரு முறைகளும் வேற்று நாட்டவர் பாதங்களை அடிப்படையாகக் கொண்டவை. சென்னை அடையாற்றில் 1948இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து, இந்தியப் பாதங்கள் பொதுவாக அகலமானவை எனக் கண்டது. அதன் அடிப்படையில் பாரதத்தின் முதலெழுத்தைக் கொண்டு 'பா' என்னும் புதிய அளவுமுறை முன்மொழியப்பட்டது.

அகலம் போதாமல் விரல்கள் நெருங்கும்போது பலர் ஓர் எண் கூட்டி வாங்குகின்றனர். அவ்வாறு செய்தால் நீளம் மிகுந்து, காலணியின் மடிப்புக்கோடு பாதத்தின் மடிப்போடு பொருந்தாமல் அப்பர் தவறான இடத்தில் வெடிக்கும். குதியும் உள்ளே வழுக்கி லைனிங்கைத் தேய்க்கும். எண்ணைக் கூட்டுவதைவிட, முன்பகுதி அகன்ற வேறு வடிவத்தைத் தேடுவதே முறையானது. கால் சற்று வீங்கியிருக்கும் மாலைப்பொழுதில், அலுவலகத்துக்கு அணியும் அதே தடிப்புள்ள சாக்ஸுடன், இரு காலிலும் மாட்டி நின்று பார்க்க வேண்டும். இரு பாதங்களும் சமமாக இல்லாவிடில் பெரிய பாதத்துக்கு ஏற்ற அளவே கொள்ளத்தக்கது. நீண்ட விரலுக்கு முன்னே ஏறத்தாழ 1 செ.மீ. இடம் இருப்பதும், பாதத்தின் மிக அகன்ற பகுதி காலணியின் மிக அகன்ற பகுதியில் படிவதும் சரியான அளவின் அடையாளங்களாகும். பக்கவாட்டில் சிறிது இறுக்கம் தோலில் நாளடைவில் தளரும். நீளக் குறைவு ஒருபோதும் தளராது.

5.7 லேஸ் உள்ளதா, இல்லாததா

லேஸ் துளைகள் உள்ள பட்டைகள் முன்பகுதியின்மேல் தனித்து அமர்ந்து நன்கு விரியக்கூடியது டெர்பி என்றும், அவை முன்பகுதியின் அடியில் தைக்கப்பட்டு ஓரளவே விரியக்கூடியது ஆக்ஸ்ஃபோர்டு என்றும், லேஸ் இன்றி நேரடியாக மாட்டுவது ஸ்லிப்-ஆன் என்றும் வழங்கப்படும். அகன்ற பாதத்துக்கும் மேடான புறங்காலுக்கும் ஆக்ஸ்ஃபோர்டைவிட டெர்பி பொருந்தும். ஒரு நாளில் இரண்டு மூன்று முறைக்கு மேல் கழற்றுபவர் டெர்பி வாங்கினால், லேஸை அவிழ்க்காமலேயே காலை இழுத்துக் கவுன்ட்டரை உடைத்துவிடுவார் என்பது எதிர்பார்க்கத்தக்கது. அத்தகையோருக்கு இருபுறமும் எலாஸ்டிக் பட்டை வைத்துத் தைத்த ஸ்லிப்-ஆன் ஏற்றது. எலாஸ்டிக் பட்டை தளர்ந்தால் அதை மட்டும் மாற்றித் தைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் நன்மை.

ஸ்லிப்-ஆனில் இறுக்கிக் கட்ட வழியில்லாததால், வாங்கும்போது அது சற்றே பிடிப்பாக இருக்க வேண்டும். எவ்வகையாயினும், சட்டைப் பைக்குள் அடங்கும் சிறு ஷூ ஹார்ன், அதாவது குதியை வழுக்கி உள்ளே இறக்கும் வளைந்த தகடு, உடனிருப்பது காலணியின் பின்பகுதியைக் காக்கும்.

5.8 விலையைக் கணக்கிடுதல்

காலணியின் விலையை அது உழைக்கும் மாதங்களால் வகுத்தால் உண்மைச் செலவு தெரியும். எடுத்துக்காட்டாக, 900 ரூபாய்க்கு வாங்கிய ரெக்சின் காலணி 6 மாதத்தில் உரிந்துவிட்டால் மாதச் செலவு 150 ரூபாய். 2,400 ரூபாய்க்கு வாங்கிய தோல் காலணி, 300 ரூபாய்ப் பழுதுபார்ப்போடு 24 மாதம் உழைத்தால் மாதச் செலவு 112.50 ரூபாயே. ஆனால் இக்கணக்கு எல்லையின்றி மேலே செல்வதில்லை. கழற்றி மாட்டும் தேய்மானமும் வாசலில் விட்டுவரும் காலணி தொலையும் வாய்ப்பும் விலையுயர்ந்த காலணிக்கும் உண்டு என்பதால், ஓர் அளவுக்குமேல் கூட்டும் பணம் தோற்றத்துக்கே போகிறது.

வரியும் ஓர் எல்லைக்கோட்டை வகுத்துள்ளது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு ஜோடியின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய்க்கு மிகாதிருந்தால் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு, மிகுந்தால் 18 விழுக்காடு. வரிக்கு முந்தைய மதிப்பு 2,500 ரூபாயாயின் வாங்குபவர் தருவது 2,625 ரூபாய். அதுவே 2,600 ரூபாயாயின் 3,068 ரூபாய். இந்த எல்லையைச் சற்றே தாண்டும் காலணி, தரத்தில் தெளிவான மேன்மை காட்டாவிடில் வாங்கத் தகுந்ததன்று. மேலும், தோல் முதலியவற்றாலான காலணிகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2024 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளதால், பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா எனப் பார்க்கலாம். சிறு உற்பத்தியாளர்களுக்கு விலக்கு உண்டு என்பதால், அது இல்லாமை மட்டுமே குறையாகாது.

ஆம்பூரில் நெடுஞ்சாலையோரக் கடைகளில் ஏற்றுமதியில் எஞ்சியவையும் சிறு குறையால் ஒதுக்கப்பட்டவையும் விற்கப்படுகின்றன. வேலூருக்கும் அப்பால் சென்று ஒரு ஜோடி மட்டும் வாங்கினால் பயணச் செலவு ஆதாயத்தை விழுங்கிவிடும். வேறு வேலையாகச் செல்லும்போதோ குடும்பத்தார் பலருக்குச் சேர்த்தோ வாங்குவதே பொருத்தம். அங்கு இடமும் வலமும் ஒரே எண்ணா, இரண்டின் நிறமும் ஒத்திருக்கிறதா, பியூ சோல் பழையதா என்பவற்றை உறுதிசெய்த பின்பே பணம் தர வேண்டும். மாற்றித் தரும் வசதியை எதிர்பார்க்கலாகாது.

5.9 ஆயுளை நீட்டித்தல்

ஒரு நாள் அணிந்த காலணி வியர்வையின் ஈரம் உலர ஏறத்தாழ முழு நாள் ஓய்வு வேண்டும். ஆதலால் இயன்றவர்கள் ஒரே விலையில் ஒன்றை வாங்கித் தீர்ந்தபின் மற்றொன்றை வாங்குவதைவிட, இரண்டையும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அணிந்தால் இரண்டின் மொத்த உழைப்பும் கூடும். மழையில் நனைந்ததை வெயிலில் வைக்காமல், உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். கடும் வெயில் தோலை விறைக்கச் செய்து பசையை இளக்கும். இதே காரணத்தால், கோயில் வாசலில் விடும்போதும் சுடுகின்ற தரையைத் தவிர்த்து நிழலான இடத்தைத் தேர்வது நல்லது.

வாரம் ஒருமுறை ஈரத்துணியால் தூசைத் துடைத்து, உலர்ந்தபின் மெழுகுப் பாலிஷ் மெல்லியதாகத் தடவினால் போதும். தேங்காயெண்ணெய் தற்காலிக மினுக்கைத் தந்தாலும், தூசைப் பிடித்துப் பின்னர் பாலிஷ் ஒட்டாமல் செய்துவிடும். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை படரும். காற்றோட்டமுள்ள தட்டில் வைப்பதே முறை. ஹீல் ஒருபக்கமாகத் தேயத் தொடங்கியதும் ரப்பர்த் துண்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். இரும்பு லாடம் நெடுநாள் உழைக்குமெனினும் கருங்கல்லிலும் டைல்ஸிலும் வழுக்குவதால் தவிர்க்கத்தக்கது.

5.10 கடையில் பின்பற்றும் வரிசை

மேற்கண்டவற்றைக் கடையில் ஒரு வரிசையில் செய்தால் குழப்பம் நேராது. முதலில் நாளொன்றுக்கு எத்தனை முறை கழற்றுவோம் என்பதைக் கொண்டு ஸ்லிப்-ஆன், டெர்பி ஆகியவற்றுள் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். அடுத்து நின்று அகலமும் நீளமும் பார்க்க வேண்டும். பின்னர் கவுன்ட்டரை அழுத்தி, காலணியை வளைத்து, விளிம்பின் தையலைச் சோதித்து, சோலின் பொருளையும் தயாரிப்பு மாதத்தையும் அறிய வேண்டும். நிறமும் விலையும் இவற்றுக்குப் பின்னரே பேசத்தக்கவை. கையிலுள்ள தொகை எல்லாத் தகுதிகளுக்கும் போதாதபோது, உறுதியான கவுன்ட்டரையும் மேலடுக்குத் தோலையும் விட்டுக்கொடுக்காமல் சோலிலும் தையலிலும் இறங்கி வரலாம். ஏனெனில் சோலை மாற்றவும் விளிம்பைத் தைக்கவும் ஊரில் ஆள் உண்டு, உடைந்த கவுன்ட்டரையும் உரிந்த அப்பரையும் அந்த விலைக்குள் மீட்டுத் தருவது எவருக்கும் எளிதன்று.